தரையோடு ஒட்டிய மீன்தொட்டி: தண்ணீர் மாற்ற வழியில்லாமல் போன ஒரு வீடு

பின்னணி

சென்னையின் வடமேற்குப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் தளம். வீட்டில் இருவர். பெரியவருக்கு வயது 74. பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் குழறிப்போய், பெரும்பாலான நேரம் கூடத்திலுள்ள தாழ்வான கட்டிலில் படுத்திருப்பார். அவரைக் கவனித்துக்கொள்ளும் மனைவிக்கு வயது 68, இரண்டு முழங்கால்களிலும் வலி. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். மாதம் இருமுறை வந்து போவார்.

அப்பாவின் கண்ணுக்கு அசைவுள்ள ஏதாவது ஒன்று வேண்டும் என்று மகன் கொளத்தூரில் ஒரு தொட்டியும் ஆறு தங்கமீன்களும் வாங்கி வந்தார். 91 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம். 36 செ.மீ. வரை நிரப்பினால் ஏறக்குறைய 98 லிட்டர். வழக்கமான இரும்பு ஸ்டாண்டில் வைத்தால் கட்டிலில் படுத்திருப்பவர் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அதனால் 15 செ.மீ. உயரமுள்ள பலகை ஒன்றைச் செய்து, கட்டிலுக்கு எதிரே தரையோடு தரையாக வைத்தார்கள். ஒருக்களித்துப் படுத்தால் பெரியவரின் கண்ணும் மீனும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

அதே குடியிருப்பில் வசிக்கும் நான், இந்தக் காரணத்தை முதலிலேயே எழுதிவைக்கிறேன். பின்னால் நடந்ததைக் கேள்விப்பட்ட பலரும் முதலில் சொன்னது, "தொட்டியைத் தூக்கி உயரத்தில் வையுங்கள்" என்பதுதான். உயரத்தில் வைத்தால் அந்தத் தொட்டிக்கு அந்த வீட்டில் வேலையே இல்லை.

தண்ணீர் மாற்றுவது எப்படி நின்றுபோனது

முதல் மாதம் மகன் வரும்போதெல்லாம் ஒரு மெல்லிய ட்யூபைத் தொட்டிக்குள் விட்டு, வாயால் உறிஞ்சி, மறுமுனையை வாளிக்குள் போட்டுத் தண்ணீரை இறக்கினார். உயரத்தில் வைத்த தொட்டியில் இது எளிய வேலை. இங்கே நடந்தது வேறு.

இப்படி ட்யூப் வழியே தண்ணீர் தானாக மேலேறி இறங்குவதுதான் சைஃபன். அது ஓடுவதற்கான விசை, தொட்டியின் நீர்மட்டத்துக்கும் வெளியே உள்ள ட்யூப் வாய்க்கும் இடையேயுள்ள உயர வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது. ட்யூப் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், வாளியின் நீர்மட்டமே கணக்கு. தொட்டி நிறைந்திருக்கும்போது அதன் நீர்மட்டம் கூடத்துத் தரையிலிருந்து 51 செ.மீ. வாளியின் விளிம்போ 35 செ.மீ. இரண்டு வாளி, அதாவது 40 லிட்டர் இறங்கியதும் தொட்டியின் மட்டம் 36 செ.மீட்டருக்கு வந்துவிடும். மூன்றாவது வாளி முக்கால் நிறைந்ததும் ஓட்டம் நூலிழையாக மெலிந்து, வாளி நிறைவதற்குள் நின்றுவிடும். "தம்பி, மூன்றாம் வாளி மட்டும் நிறைவதே இல்லை" என்று அந்த அம்மா பிறகு என்னிடம் சொன்னார். ட்யூபில் அழுக்கு அடைத்துக்கொண்டது என்றே அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இழுவை குறைந்ததால் அடிக்கற்களுக்கிடையே கிடந்த கழிவு மேலே வரவில்லை. அதோடு 20 கிலோ எடையுள்ள வாளியைக் குளியலறை வரை தூக்க வேண்டும். நிலைப்படியைத் தாண்ட வேண்டும். மகன் வராத வாரங்களில் அம்மா மக்கால் மேல்தண்ணீரை மொண்டு செம்பருத்திக்கு ஊற்றினார். அதுவும் போகப்போகக் குறைந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து, வற்றிய அளவுக்குப் புதுத்தண்ணீர் சேர்ப்பது மட்டுமே நடந்தது. அதையும், போர்த்தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைக்கறை விடுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரிலிருந்து ஊற்றினார்கள்.

அக்கறையில்லாமல் விட்டார்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். தினமும் துணியால் தொட்டியின் வெளிக்கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தார் அந்த அம்மா. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கேடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

எட்டாவது மாதம்: மூன்று மீன்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தார். அடிக்கற்களில் படிந்திருந்த பழுப்பு அழுக்கைப் பார்த்து, இன்று சுத்தம் செய்தே தீர்வது என்று உட்கார்ந்தார். கையால் கற்களைக் கிளறி, கலங்கிய தண்ணீரில் பாதியை மக்கால் மொண்டு எடுத்து, குடியிருப்பின் குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றி நிரப்பினார். அங்கே நிலத்தடித் தொட்டியில் போர்த்தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து வரும்.

மாலைக்குள் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரவில் இரண்டு செத்தன, மறுநாள் காலையில் ஒன்று. நான் பல ஆண்டுகளாக மீன் வளர்ப்பவன். திங்கள் காலை என்னை அழைத்தார்கள்.

பார்த்ததும் அளந்ததும்

மிஞ்சிய மூன்று மீன்களும் காற்றுக்குமிழ் வரும் மூலையில் ஒண்டியிருந்தன. செவுள்கள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. தொட்டித் தண்ணீரின் பி.எச். (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) 7.8, குழாய்த் தண்ணீரிலும் அதே அளவு. அம்மோனியா சோதனைக் குப்பியில் நிறம் கரும்பச்சைக்குப் போனது: லிட்டருக்கு 4 மில்லிகிராம்.

இந்த நிகழ்வின் விடை கிடைத்தது பால்கனியில். மகன் மொண்டு எடுத்த பழைய தண்ணீரில் ஒரு வாளியை, செடிக்கு ஆகும் என்று அம்மா கொட்டாமல் வைத்திருந்தார். அதைச் சோதித்தேன். பி.எச். குப்பி எலுமிச்சை மஞ்சளாக நின்றது: 6. அம்மோனியா அட்டையின் கடைசி நிறம்: 8.

நடந்தது இதுதான். மீன் வெளியேற்றும் அம்மோனியாவைப் பில்டரில் வாழும் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அந்த வேலையில் தண்ணீரின் காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டி பி.எச். இறங்காமல் காக்கும் திறன், கரைகிறது. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில், ஏறக்குறைய 7 மில்லிகிராம். தண்ணீர் மாற்றினால் இழந்த காரத்தன்மை திரும்பி வரும். இங்கே மாற்றவில்லை. சேர்த்த ஆர்.ஓ. தண்ணீரில் காரத்தன்மை அநேகமாக இல்லை. பி.எச். இறங்க இறங்கப் பாக்டீரியாவின் வேலை மந்தமானது, அம்மோனியா தேங்கியது. அப்படியும் மீன்கள் பிழைத்திருந்தன. பி.எச். 6-இல் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற, நச்சு குறைந்த வடிவில் இருக்கும். பி.எச். ஒரு புள்ளி ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். பாதித் தண்ணீரை மாற்றி 6-இலிருந்து 7.8-க்கு ஒரே மதியத்தில் ஏற்றியபோது, தொட்டியில் மிச்சமிருந்த அம்மோனியா விஷமாக மாறியது. கிளறிய கற்களிலிருந்து வந்த கழிவும், லாரித் தண்ணீரின் குளோரினும் அதற்குத் துணை போயிருக்கும்.

மகனிடம் இதை விளக்கியபோது, "நான்தான் கொன்றுவிட்டேனா?" என்று கேட்டார். அழுக்கைப் பார்த்ததும் அள்ளிவிட வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஐந்து மாதம் தேங்கியது ஒரு மதியத்தில் வெடித்தது என்றுதான் அவரிடம் சொன்னேன்.

முதல் முடிவு: மேலும் தண்ணீர் மாற்றுவது

தண்ணீர் மாற்றியதால் மீன் செத்த வீட்டில், உடனே இன்னொரு முறை மாற்றச் சொல்வது எளிதாக இல்லை. அம்மா தயங்கினார். காரணத்தைச் சொன்னேன்: பி.எச். ஏற்கெனவே ஏறிவிட்டது. இனி அதே குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அது மேலும் ஏறாது, அம்மோனியா மட்டுமே குறையும். குளோரினை முறிக்கச் சோடியம் தயோசல்பேட் கலந்த தண்ணீரால் அன்று 40 விழுக்காடு, அடுத்த மூன்று நாட்கள் தினமும் 30 விழுக்காடு மாற்றினோம். இரண்டு நாள் இரை போடவில்லை.

அந்த நான்கு நாளும் வாளி தூக்கியவர்கள் மகனும் நானும். வாளி நிறைய நிறைய ஓட்டம் மெலிவதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். இந்த வேலையை அந்த அம்மாவால் ஒருநாளும் தனியாகச் செய்ய முடியாது என்பதும் புரிந்தது. "வாரம் ஒருமுறை மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் அடுத்த எட்டாவது மாதமும் இதே கதைதான்.

வியாழக்கிழமை அம்மோனியா 0.5-க்கு இறங்கியது. மூன்று மீன்களும் பிழைத்தன.

இரண்டாவது முடிவு: பம்பு, அதில் நேர்ந்த பிழை

மகன் தண்ணீருக்குள் மூழ்கும் சிறிய பம்பு ஒன்று வாங்கி வந்தார். தொட்டிக்குள் போட்டு, ஒரு ஹோஸைக் குளியலறை வரை இழுத்து, சுவிட்சைப் போட்டால் வேலை முடிந்தது. நானும் நல்லது என்றேன். மகன் ஊருக்குப் போன அடுத்த வாரம் அம்மா தனியாக அதைப் பயன்படுத்தினார். கண்ணாடியில் ஒட்டியிருந்த கோடு வரை தண்ணீர் இறங்கியதும் சுவிட்சை அணைத்துவிட்டு, மாத்திரை எடுக்க உள்ளே போனார்.

தண்ணீர் நிற்கவில்லை. ஹோஸின் மறுமுனை குளியலறைத் தரையில், தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே கிடந்தது. பம்பு நின்ற பிறகும் ஹோஸ் சைஃபனாக ஓடிக்கொண்டே இருந்தது. பெரியவர் இடக்கையால் கட்டிலின் சட்டத்தை ஓங்கித் தட்டிய சத்தம் கேட்டுத்தான் அம்மா ஓடிவந்தார். ஒருசாண் தண்ணீர்கூட இல்லை. முதுகு தெரிய மூன்று மீன்களும் பம்பைச் சுற்றிச் சாய்ந்து கிடந்தன. ஹோஸை உருவி எடுத்ததால் தப்பின.

இந்தப் பிழை என்னுடையது. பம்பை நிறுத்தினால் ஓட்டம் நிற்கும் என்று அவர் நம்புவார் என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் முறை கூட இருந்து பார்க்கவும் இல்லை.

ஆனால் இந்த விபத்தில் ஒரு செய்தி இருந்தது. பம்பே இல்லாமல், ஹோஸ் வழியே தண்ணீர் குளியலறைக்குத் தானாகப் போகிறது. தொட்டி தாழ்வாக இருப்பதால் சைஃபன் ஓடாது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அதைத் தடுத்தது வாளியின் உயரம்தான்.

மூன்றாவது முடிவு: குளியலறை வரை ஒரு ஹோஸ்

குளியலறைத் தரை கூடத்தைவிட 5 செ.மீ. தாழ்வு. வாளியை விட்டுவிட்டு ஹோஸ் வாயை அங்கே வைத்தால், தொடக்கத்தில் 56 செ.மீ. வித்தியாசம் கிடைக்கிறது. மூன்றில் ஒரு பங்கு இறங்கிய பிறகும் 44 செ.மீ. மீதமிருக்கிறது. இடையிலுள்ள நிலைப்படி தடையே இல்லை. ஹோஸ் முழுக்கத் தண்ணீர் இருந்தால் மேடேறி இறங்கிப் போகும்.

பம்பைத் திருப்பிக் கொடுத்தோம். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட வேண்டியதில்லை, மின்வெட்டில் பாதியில் நிற்காது என்பவை அதற்கான காரணங்கள்.

தூரம் 9 மீட்டர். நீண்ட ஹோஸில் உராய்வு அதிகம், இருக்கும் விசையோ குறைவு. அதனால் மெல்லிய ட்யூபை விட்டு, 19 மி.மீ. உள்விட்டமுள்ள ஒளி ஊடுருவும் ஹோஸை வாங்கினோம். உள்ளே காற்று அடைத்திருந்தால் வெளியிலிருந்தே தெரியும். குளியலறை முனையில் ஒரு பந்து வால்வு. தொட்டிப் பக்கம், விளிம்பில் கொக்கிபோல் மாட்டும்படி வளைத்த பி.வி.சி. குழாய், அதன் வாய் அடிமணலுக்கு 2 செ.மீ. மேலே நிற்கும்.

அந்தப் பி.வி.சி. குழாயில் ஒரு துளை போட்டோம். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தண்ணீர் எங்கே நிற்க வேண்டுமோ, அந்த மட்டத்தில் ஒரு துளை. மட்டம் அதற்கு இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து சைஃபன் தானாக அறுந்துவிடும். முதலில் 3 மி.மீ. துளை போட்டோம். உறிஞ்சும் சத்தத்தோடு காற்று போனதே தவிர, ஓட்டம் நிற்கவில்லை. 6 மி.மீட்டருக்குப் பெரிதாக்கியதும், ஒரு விக்கல் விக்கி நின்றது. நான்கு முறை ஓட்டிப் பார்த்து, நான்கு முறையும் ஒரே கோட்டில் நின்ற பிறகே அம்மாவிடம் ஒப்படைத்தேன்.

வாயால் உறிஞ்சித் தொடங்குவது கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அது மீன் கழிவு கலந்த தண்ணீர். குளியலறைக் குழாயில் ஹோஸைச் சொருகி மெதுவாகத் திறந்தால், ஹோஸ் நிரம்பிக் காற்று தொட்டிப் பக்கமாகக் குமிழியிட்டு வெளியேறும். குமிழி நின்றதும் வால்வை மூடி, குழாயிலிருந்து கழற்றித் தரையில் வைத்து வால்வைத் திறந்தால் ஓட்டம் திரும்பிவிடும். ஹோஸுக்குள் பிடிப்பது இரண்டரை லிட்டர்தான். தொட்டிக்குள் போவது மிகக் கொஞ்சம்.

அடியில் 5 செ.மீ. கனத்துக்கு இருந்த கற்களை, நான்கு வாரங்களில் கால் கால் பங்காக எடுத்துவிட்டு, 1 செ.மீ. ஆற்றுமணல் பரப்பினோம். ஒரேயடியாக எடுத்தால் கற்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவும் போய்விடும்.

நிரப்புவது

வெளியேற்றுவதில் எதிரியாக இருந்த தாழ்வு, நிரப்புவதில் நண்பன். வீட்டில் ஓரமாகக் கிடந்த பழைய தையல் இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில், அடியில் குழாய் வைத்த 40 லிட்டர் டிரம் ஒன்றை ஏற்றினோம். முந்தின இரவே அதை நிரப்பி, தயோசல்பேட் கலந்து வைத்துவிட்டால் காலையில் அதன் வெப்பமும் அறையின் வெப்பத்துக்கு வந்திருக்கும். மெல்லிய ட்யூபைத் தொட்டிக்குள் விட்டுத் திறந்தால் போதும், தூக்குவது என்ற பேச்சே இல்லை. டிரம்மில் 33 லிட்டருக்குக் கோடு போட்டிருக்கிறோம். வெளியேறுவதும் அதே 33 லிட்டர் என்பதால், திறந்துவிட்டு மறந்து போனாலும் தொட்டி வழியாது.

மின்சாரத்தில் இரண்டைத் திருத்தினோம். தொட்டிக்குப் பின்னால் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சுவரில் மேலே மாட்டி, வயர்கள் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விட்டோம். வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் அந்தத் தொங்கலிலிருந்து சொட்டிவிடும். காற்று மோட்டாரும் தரையில்தான், நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. மின்வெட்டின்போது காற்றுக்குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி வந்த கறை அதைச் சுற்றித் தெரிந்தது. ஒருவழி வால்வு ஒன்றைப் போட்டு, மோட்டாரையும் மேலே தூக்கி மாட்டினோம்.

பின்னர் நடந்தது

இதை எழுதும்போது ஏழு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும் நாள். அதற்கு முன் தண்ணீர் மாற்றிவிட்டால் சிந்தியதைத் தனியாகத் துடைக்க வேண்டாம் என்று அந்த நாளை அம்மாவே தேர்ந்தெடுத்தார். முக்காலி போட்டுத் தொட்டியருகே உட்கார்ந்து, கொக்கிக் குழாயை விளிம்பில் இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போகிறார். 33 லிட்டர் இறங்க நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம். செடிக்குத் தண்ணீர் வேண்டும் என்றபோது, உயரம் குறைந்த அகலமான பேசின் ஒன்றைக் குளியலறையில் ஹோஸுக்குக் கீழே வைக்கச் சொன்னேன். அந்த 15 செ.மீ. உயரத்தால் ஓட்டம் பெரிதாகக் குறையவில்லை.

இந்த ஏழு மாதத்தில் தவறிய வாரங்கள் இரண்டு. ஒன்றில் பெரியவர் மருத்துவமனையில் இருந்தார். மற்றொன்றில் ஹோஸ் நிலைப்படியருகே மேலெழும்பி வளைந்து, அங்கே காற்று தங்கி, ஓட்டம் பிடிக்கவே இல்லை. இப்போது அந்த இடத்தில் ஒரு செங்கல்லை மேலே வைத்து அமுக்கிவிடுகிறார்.

ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவது நின்றது. பி.எச். 7.6-க்கும் 7.8-க்கும் இடையே நிற்கிறது, அம்மோனியா சோதனை மஞ்சளாகவே, அதாவது அம்மோனியா இல்லை என்றே வருகிறது. கண்ணாடியில் வெள்ளைக்கறை படியத்தான் செய்கிறது. எலுமிச்சை மூடியால் தேய்த்துத் துடைக்கிறார்கள். புதிய மீன் வாங்க வேண்டாம் என்றேன். 98 லிட்டரில் ஆறு தங்கமீன் என்பது தொடக்கத்திலிருந்தே அதிகம்.

தண்ணீர் இறங்கும்போது பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். குழாய் விக்கிய சத்தம் கேட்டதும் கட்டிலை ஒருமுறை தட்டுகிறார். அம்மா அதற்குப் பிறகே வால்வை மூட எழுந்திருக்கிறார்.

எதை மாற்றிச் செய்வேன்

மாதக்கணக்கில் மாற்றாத தொட்டி என்று தெரிந்தால், ஒரு மக் தண்ணீர்கூட எடுப்பதற்கு முன் தொட்டியின் பி.எச்., புதுத்தண்ணீரின் பி.எச்., அம்மோனியா மூன்றையும் அளக்கச் சொல்வேன். இரண்டு பி.எச்.களுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், முதல் வாரம் தினமும் ஐந்து லிட்டருக்கு மேல் மாற்றக் கூடாது. கற்களைத் தொடவே கூடாது. அன்று இதைச் சொல்ல அந்த வீட்டில் எவரும் இல்லை. அதே மாடிப்படியில் தினமும் ஏறி இறங்கிய நானும் அந்தத் தொட்டியைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

பம்போ சைஃபனோ, எதை யாரிடம் கொடுத்தாலும், அவர் கையால் முழுதாக ஒருமுறை செய்து முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன். துளை போட்ட குழாயை முதல் நாளே செய்திருந்தால் அந்த மூன்று மீன்களும் முதுகு காயக் கிடந்திருக்காது.

சென்ற மாதம் கீழ்த்தளத்து வீட்டில், தவழும் குழந்தை பார்க்கட்டும் என்று தொட்டியைத் தாழ்வாக வைக்கலாமா என்று கேட்டார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய் முதலில் குளியலறைத் தரையை அளந்தேன். அங்கே அது கூடத்தைவிட 3 செ.மீ. உயரம். ஆனால் பின்கட்டில் துணி துவைக்கும் இடம் 10 செ.மீ. தாழ்வாக இருந்தது. ஹோஸ் எட்டும்படி தொட்டியைப் பின்கட்டுச் சுவரோரமாக வைத்தோம்.